ஆறு பேர், எண்பது கோரிக்கைகள்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஐடி பிரிவில் 2004-ஆம் ஆண்டு ஒரு சின்ன டீம் இருந்தது. வேலை கொடுத்தவர்களின் திருப்தியை வைத்துப் பார்த்தால், அந்தப் பிரிவிலேயே கடைசி இடம் அதற்குத்தான். உலகெங்கும் உள்ள மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் தங்கள் அலுவலக வேலைக்குப் பயன்படுத்தும் 80 சொச்சம் மென்பொருள்களைப் பராமரிப்பது அதன் பொறுப்பு. பக் திருத்த வேண்டும், சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து தர வேண்டும். ஒரு துறை தன் கோரிக்கையை அனுப்பிவிட்டுச் சராசரியாக 5 மாதம் காத்திருந்தது. வரிசையில் 80 கோரிக்கைகளுக்கு மேல் தேங்கியிருந்தன. மாதத்துக்கு மாதம் வரிசை நீண்டுகொண்டே போனது. சொன்ன தேதியில் முடிந்த வேலை என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை.

வேலை நடந்த இடம் ஹைதராபாத். மூன்று டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு மேனேஜர். எல்லோரும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள். அந்த நிறுவனமும் சாதாரணப்பட்டதல்ல. மென்பொருள் தரக் கட்டுப்பாட்டில் மிக உயர்ந்த சான்றிதழான சிஎம்எம்ஐ ஐந்தாம் நிலையைப் பெற்றிருந்தது. அமெரிக்காவில் ரெட்மண்டில் இருந்தபடி இந்த டீமை நடத்தும் பொறுப்பை டிராகோஸ் டுமிட்ரியு என்ற ப்ரோகிராம் மேனேஜர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அதே நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய டேவிட் ஆண்டர்சனிடம் அவர் ஆலோசனை கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஒரு கோரிக்கை உள்ளே வருவதிலிருந்து வெளியே போவது வரை என்னென்ன நடக்கிறது என்று தாளில் வரைந்து பார்த்தார்கள்.

வரைபடத்தில் முதலில் கண்ணில் பட்டது எஸ்டிமேட். புதிய கோரிக்கை எது வந்தாலும், அதற்கு எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீட்டை 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு டெவலப்பரும் ஒரு டெஸ்டரும் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, பழைய கோடைத் திறந்து, ஆவணங்களைப் புரட்டிக் கணக்குப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு நாள் போய்விடும். கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. எஸ்டிமேட் வேலையும் நடந்துகொண்டே இருந்தது. டீமின் மொத்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே செலவானது. இப்படி மதிப்பிடப்பட்ட கோரிக்கைகளில் கணிசமானவை கடைசி வரை செய்யப்படவே இல்லை. பெரிதாக இருக்கிறது, செலவு அதிகம், இனித் தேவையில்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் தள்ளுபடியாகின. போதாக்குறைக்கு, மாதந்தோறும் துறை மேனேஜர்கள் கூடி முன்னுரிமைப் பட்டியலை மறுபடி வரிசைப்படுத்தினார்கள்.

ஆறு பேரில் யாரும் சோம்பேறி இல்லை. திறமைக்கும் குறைவில்லை. நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்தார்கள். ஆனால் ஒரு வேலையைத் தொடங்கி அதை முடிக்கும் வரை அதிலேயே இருக்கும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மென்பொருள் துறையில் பல டீம்களையும் பல ப்ராஜெக்ட்களையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வடிவத்தில் சந்திக்கும் நிலைமை இது. நல்ல கோடு எழுதுகிறார் என்பதற்காக ஒருவரை டீம் லீட் ஆக்குவார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மேனேஜர். அதற்கு மேல் போனால் நான்கு ப்ராஜெக்ட், இருபது பேர், மூன்று கிளையன்ட். நேற்று வரை கணினியோடு பேசியவருக்கு இன்று ஒரு எக்செல் ஷீட் கையில் வருகிறது. அதில் டீம் ஆட்களின் பெயர்களுக்கு நேராக 50 சதவீதம், 30 சதவீதம், 20 சதவீதம் என்று எழுதியிருக்கும். ஒருவர் மூன்று ப்ராஜெக்ட்டுக்குப் பங்கு போடப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். கூட்டினால் சரியாக 100 வரும். பில்லிங் கணக்குக்கு அது சரி. மனித மூளைக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை.

அமெரிக்க மென்பொருள் சிந்தனையாளர் ஜெரால்ட் வைன்பெர்க் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு தோராயக் கணக்கு கொடுத்தார். ஒரே ப்ராஜெக்ட்டில் இருப்பவரின் நேரம் முழுவதும் அதற்குக் கிடைக்கிறது. இரண்டு ப்ராஜெக்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 40 சதவீதம்தான். மீதி 20 சதவீதம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் கரைந்துவிடும். மூன்று ஆனால் ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம். 40 சதவீதம் வீண். ஐந்துக்குப் போனால் ஒவ்வொன்றுக்கும் 5 சதவீதம் மிஞ்சும்; முக்கால்வாசி நேரம் போயே போய்விடும். ஆய்வகத்தில் அளந்த எண்கள் என்று இவற்றை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அனுபவசாலி ஒருவரின் மதிப்பீடு, அவ்வளவுதான். ஆனால் நான்கு ப்ராஜெக்ட்டில் பெயர் இருக்கும் எந்த டெவலப்பரிடமும் இதைக் காட்டினால் உடனே தலையாட்டுவார்.

தாவும்போது நேரம் எங்கே போகிறது? மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. புதிய வேலையில் முழுத் திறனோடு செயல்பட முடிவதில்லை. கோடு எழுதுபவருக்கு இது கூடுதல் கஷ்டம். பத்து ஃபைல்கள், அவை ஒன்றையொன்று அழைக்கும் விதம், நேற்று கண்ட பிழையின் தடயம் என எல்லாவற்றையும் மனதில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் அவர் ஒரு வரியை மாற்றுகிறார். ‘ரெண்டே நிமிஷம்’ என்று கூப்பிட்டு வேறு ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டால், ஏற்றி வைத்தது மொத்தமும் இறங்கிவிடும்.

வரிசை விஷயத்திலும் ஒரு கணிதம் உண்டு. பின்னாளில் எம்ஐடி பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய சூத்திரம் அது. மாதத்துக்கு 10 வேலைகளை முடிக்கும் டீமிடம் 40 வேலைகள் இருந்தால், சராசரியாக ஒவ்வொன்றும் வெளியே வர 4 மாதம் ஆகும். வேகம் கூடாமல் கையில் இருப்பதை 20 ஆகக் குறைத்தால் அதுவே 2 மாதம். எல்லாவற்றையும் சீக்கிரம் தொடங்கிவிட்டால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்று தோன்றுவது இயல்புதான். அந்தத் தோற்றம் பொய் என்கிறது சூத்திரம். மேலிடத்துக்கு ‘ஆரம்பித்துவிட்டோம்’ என்று ரிப்போர்ட் அனுப்பலாம். தொடங்கியவை கூடக் கூட, முடியும் நாள்தான் தள்ளிப்போகும்.

ஹைதராபாத் டீமில் டுமிட்ரியுவும் ஆண்டர்சனும் இதைத்தான் கையில் எடுத்தார்கள். முதல் காரியமாக எஸ்டிமேட் போடுவதை நிறுத்தினார்கள். அந்த ஒரே முடிவில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மீண்டது. அடுத்ததாக, ஒரே நேரத்தில் டீமின் கையில் எத்தனை வேலை இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று உள்ளே போகும். இடம் காலியானால், அதில் எதைப் போடுவது என்பதைத் துறை மேனேஜர்கள் வாரம் ஒருமுறை போனில் பேசி முடிவு செய்ய வேண்டும். 80 கோரிக்கைகளையும் வரிசைப்படுத்தும் வீண்வேலை போயிற்று. ‘இந்த வாரம் இரண்டு இடம் காலி, எந்த இரண்டு?’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். உள்ளே எடுத்துக்கொண்ட வேலையை 25 நாளுக்குள் முடித்துத் தருவோம் என்று டீம் வாக்குக் கொடுத்தது.

எஸ்டிமேட் இல்லாமல் வேலையா என்று துறை மேனேஜர்கள் கேட்டிருக்க மாட்டார்களா? கேட்பார்கள். பணம் கொடுப்பவர் விலை கேட்பது நியாயம். மாற்றத்தை முன்வைத்தவர்களின் பதில் எளிமையாக இருந்தது. இங்கே வருவதெல்லாம் சின்ன வேலைகள். டீமுக்கான செலவு மாதாமாதம் எப்படியும் ஒன்றுதான். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக விலை பேசுவதில் யாருக்கும் லாபமில்லை. உண்மையிலேயே பெரிய வேலை என்று தெரிந்தால் அதைத் தனி ப்ராஜெக்ட்டாக வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

வேலை சீராக ஓடத் தொடங்கிய பிறகு இன்னொன்று புலப்பட்டது. டெவலப்பர்களிடம் வேலை தேங்கியது, டெஸ்டர்களுக்கோ நேரம் மிஞ்சியது. மூன்றுக்கு மூன்று என்றிருந்ததை நான்குக்கு இரண்டு என்று மாற்றினார்கள். முன்பு எல்லோரும் எல்லாவற்றிலும் மூழ்கியிருந்தபோது இந்தச் சமமின்மை யார் கண்ணிலும் படவில்லை. பிற்பாடுதான் கூடுதலாக ஆள் எடுத்தார்கள். 2005 நவம்பரில் தேங்கிய வரிசை காலியானது. 5 மாதம் ஆன வேலை சராசரியாக 14 நாளில் முடிந்தது. கடைசி இடத்தில் இருந்த டீம், தன் பிரிவில் மிக நல்ல பெயர் எடுத்த டீம்களில் ஒன்றாயிற்று. ஆண்டர்சன் பின்னாளில் ‘கன்பான்’ என்ற பெயரில் பரப்பிய மென்பொருள் மேலாண்மை முறைக்கு இந்த ஹைதராபாத் அனுபவம்தான் வித்து.

இதில் மிக முக்கியமான விஷயம், ஆள் சேர்ப்பதற்கு முன்பே பெரும் பலன் கிடைத்துவிட்டது என்பது. ஏனென்றால் ப்ராஜெக்ட் தாமதமானால் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது ‘இன்னும் நாலு பேரைப் போடு’ என்பதுதான். அது எப்படி முடியும் என்பதற்கு, கணினி உலகின் மிகப் பெரிய பாடம் 1960-களிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சுமார் 500 கோடி டாலர் முதலீடு. நிறுவனத்தையே பணயம் வைத்த முயற்சி. (1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்திறங்கிய ஐபிஎம் 370/155 இந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை.) கணினியின் வன்பொருளை உருவாக்கும் பணிக்குத் தலைமை வகித்த ஃப்ரெட் ப்ரூக்ஸ், பிறகு அதற்கான இயக்க மென்பொருளான ஓஎஸ்/360-இன் பொறுப்பையும் ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதைத்தான் தாண்டியிருந்தது. உச்சகட்டத்தில் அந்த மென்பொருளில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். வேலை தாமதமானது, செலவு எகிறியது, முதல் வெளியீடுகள் குறைகளோடு வந்தன.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை ப்ரூக்ஸ் பின்னாளில் மறைக்காமல் பதிவு செய்தார். மென்பொருளின் வடிவமைப்பை விரிவாக எழுத வேண்டிய கட்டம். அதற்கென்று தேர்ந்த பத்துப் பேர் இருந்தார்கள். எங்களால் 10 மாதத்தில் நன்றாகச் செய்ய முடியும் என்றார் அவர்களின் மேனேஜர். அட்டவணை அனுமதித்ததைவிட அது 3 மாதம் அதிகம். கோடு எழுதும் 150 பேரை வைத்திருந்த இன்னொரு மேனேஜர் குறுக்கிட்டார். அதுவரை என் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா, நாங்களே வடிவமைத்துவிடுகிறோம், குறித்த நேரத்தில் முடியும் என்றார். அப்படிச் செய்தாலும் அதே 3 மாதம் தாமதமாகத்தான் ஆகும், தரமும் குறையும் என்று வடிவமைப்பு மேனேஜர் எச்சரித்தார். 150 பேர் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க ப்ரூக்ஸுக்கு மனம் வரவில்லை. வேலையை அவர்களிடம் கொடுத்தார். எச்சரித்தவர் சொன்ன இரண்டும் நடந்தன. அதோடு, ஆளாளுக்கு ஒரு விதமாக வடிவமைத்ததால் மென்பொருளுக்கு ஒருமை இல்லாமல் போனது. அதைச் சரிபார்த்துப் பிழை நீக்கும் காலம் ஓராண்டு கூடியது என்று ப்ரூக்ஸ் மதிப்பிட்டார்.

150 பேரைச் சும்மா வைத்திருக்க எந்த மேனேஜரால் முடியும்? இந்திய ஐடி நிறுவனங்களில், ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பதைக் குறிக்கும் ‘பெஞ்ச்’ என்ற சொல்லைக் கேட்டாலே ஊழியருக்கும் மேனேஜருக்கும் வயிற்றைக் கலக்கும். பில் போட முடியாத ஒவ்வொரு நாளும் நஷ்டக் கணக்கில் ஏறுகிறது. அதனால் எல்லோர் கையிலும் எப்போதும் ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வதே நல்ல நிர்வாகம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ப்ரூக்ஸின் அனுபவம் இந்த எண்ணத்துக்கு நேர் எதிரானது. அங்கே எல்லோர் கையிலும் வேலை இருந்தது. அந்த வேலைதான் ப்ராஜெக்ட்டைப் பின்னுக்கு இழுத்தது.

ப்ரூக்ஸ் ஐபிஎம்மை விட்டு வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கப் புறப்பட்டபோது, நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: மென்பொருள் வேலையை நடத்துவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? அந்தக் கேள்விக்கான பதிலாக 1975-இல் அவருடைய ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ என்ற புத்தகம் வெளிவந்தது. தாமதமான மென்பொருள் ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்ற அவருடைய முடிவு இன்று ‘ப்ரூக்ஸ் விதி’ என்றே அறியப்படுகிறது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். புதிதாக வந்தவருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ‘யாராவது’ ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பழைய ஆள்தான். அதோடு, 3 பேர் டீமில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 3 வழிகள். 6 பேர் என்றால் 15. 10 பேருக்கு 45. 50 பேருக்கு 1,225. ஆள் ஒரு மடங்கு கூடும்போது பேச வேண்டிய பேச்சு பல மடங்கு கூடுகிறது.

அப்படியானால் மேனேஜரே வேண்டாம், தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? கூகுள் அதையும் செய்து பார்த்தது. 2002-இல் பொறியாளர்களுக்கு மேலே இருந்த மேனேஜர் பதவிகளை எடுத்துவிட்டுச் சமதளமாக ஓட்டிப் பார்த்தார்கள். சில மாதங்கள்தான் தாக்குப்பிடித்தது. செலவுக் கணக்குக்கு ஒப்புதல், இருவருக்கு இடையே சண்டை என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் நேராக நிறுவனர் லாரி பேஜிடமே போய் நின்றார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே கூகுள், நல்ல மேனேஜர் என்பவர் யார் என்று தன் ஊழியர் மதிப்பீடுகளை வைத்தே ஆராய்ந்தது. ‘ப்ராஜெக்ட் ஆக்சிஜன்’ என்று அதற்குப் பெயர். நல்ல மேனேஜரிடம் காணப்பட்ட எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தியபோது, தொழில்நுட்பத் திறமை எட்டாவதாக வந்தது. நல்ல வழிகாட்டியாக இருப்பது, ஒவ்வொரு வேலையிலும் மூக்கை நுழைக்காமல் பொறுப்பை ஒப்படைப்பது ஆகியவை மேலே இருந்தன. எட்டாவது என்றால் தேவையில்லை என்று பொருளல்ல. அது இல்லாவிட்டால் டீம் மதிக்காது. ஆனால் கோடு எழுதுவதில் கெட்டிக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை இருபது பேருக்குத் தலைவராக்குவது சரியாகாது என்பதை இந்த ஆய்வு அழுத்தமாகச் சொல்கிறது.

ஒருவரால் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும்? இன்டெல் நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஆண்டி க்ரோவ் 1983-இல் எழுதிய நிர்வாகப் புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நேரடியாகத் தனக்குக் கீழே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் அரை நாள் ஒதுக்க வேண்டும் என்கிறார். அதன்படி ஆறு முதல் எட்டுப் பேர்தான் தாங்கும். 16 பேரை நேரடியாகக் கையில் வைத்திருக்கும் மேனேஜர் இந்தக் கணக்கைப் பின்பற்றினால் அவருக்கு வாரத்துக்கு 8 வேலை நாட்கள் தேவைப்படும். அந்த நேரம் கிடைக்காதபோது முதலில் பலியாவது ‘ஒன்-ஆன்-ஒன்’ எனப்படும் தனிச் சந்திப்புதான். அவசரக் கூட்டம் வந்துவிட்டது, அடுத்த வாரம் பேசலாம் என்று தள்ளிப்போடுவார்கள். இது பெரிய இழப்பு. ‘ஸ்டாண்டப்’ எனப்படும் தினசரிக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் ‘எல்லாம் சரியாகப் போகிறது’ என்று சொல்லும் ஒரு ஜூனியர், தனியாக உட்காரும்போதுதான் ‘சார், அந்த மாட்யூல் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை’ என்று வாய் திறப்பார். அதை இன்று கேட்டால் இரண்டு நாள் வேலை. ரிலீஸுக்கு முந்தின இரவு தெரியவந்தால் மொத்த டீமும் விழித்திருக்க வேண்டும்.

ஒரு டீம், ஒரு மேனேஜர் என்ற அளவைத் தாண்டி, பல டீம்கள் சேர்ந்து ஒரே பொருளை உருவாக்கும்போது சிக்கல் வேறு இடத்தில் முளைக்கிறது. மெல்வின் கான்வே என்ற கணினியாளர் 1968-லேயே இதைக் கவனித்தார். ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்களோ, அந்த அமைப்பே அவர்கள் உருவாக்கும் மென்பொருளிலும் படிந்துவிடும் என்றார். பேசிக்கொள்ளாத இரண்டு டீம்கள் எழுதிய இரண்டு பகுதிகள், சேரும் இடத்தில் உடையும். அமெரிக்க அரசு இதை உலகமே பார்க்க அனுபவித்தது.

2013 அக்டோபர் 1 அன்று, மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் இணையதளம் திறக்கப்பட்டது. அதிபர் ஒபாமாவின் முக்கியமான திட்டம். முதல் நாளில் பல லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். தளம் திணறி விழுந்தது. அன்று முழுதாகப் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர். அதை உருவாக்கும் பணி 55 ஒப்பந்த நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து ஓட்டிப் பார்க்கும் சோதனை, திறப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் நடந்தது. இந்த 55 நிறுவனங்களுக்கும் மேலே, ‘இது முடியவில்லை, திறக்க வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் கொண்ட ஒருவர் யார் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை.

மீட்புப் பணிக்கு ஜெஃப் ஸயன்ட்ஸ் என்ற நிர்வாகி பொறுப்பேற்றார். கூகுளில் தளங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக இருந்த மைக்கி டிக்கர்சன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா என்ற ஊரில் ஒரு அறையில் எல்லா நிறுவனங்களின் ஆட்களும் தினமும் காலை 10 மணிக்கும் மாலை 6:30-க்கும் கூட வேண்டும். டிக்கர்சன் மூன்று விதிகள் வைத்தார். ஒன்று: இந்த அறை பிரச்சினையைத் தீர்ப்பதற்கு. பழி போட வேறு இடங்கள் உண்டு. இரண்டு: பேச வேண்டியவர் பிரச்சினையை நன்றாக அறிந்தவர். பதவியில் பெரியவர் அல்ல. மூன்று: அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் பாதிக்கக் கூடியவற்றை மட்டும் இப்போது பார்ப்போம்.

இரண்டாவது விதி சொல்வதற்குச் சுலபம். கூட்டத்தில் துணைத் தலைவர் இருக்கும்போது, இரவெல்லாம் லாக் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் பொறியாளர் வாய் திறப்பது எளிதல்ல. நம் ஊர் அலுவலகங்களில் இன்னும் கடினம். வயதும் பதவியும் பேச்சு வரிசையைத் தீர்மானித்துவிடும். அந்த இளைஞரைப் பேசவைப்பதும், பெரியவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்வதும் தலைமையில் இருப்பவர் செய்தே ஆக வேண்டிய வேலை. கோடை எழுதுபவருக்குத்தான் அது எங்கே உடையும் என்று தெரியும்.

அந்த அறைக்கு வந்தவர்களை அதிரவைத்த விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய தளம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஒரு டாஷ்போர்டு கூட இல்லை. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்று எதுவும் தெரியாமல் 55 நிறுவனங்களும் தத்தம் பகுதியைத் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருந்தன. முதலில் டாஷ்போர்டை அமைத்தார்கள். அடிக்கடி கேட்கப்படும் தரவை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து எடுக்காமல் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் வசதியைச் சேர்த்ததும், 8 நொடி ஆன பக்கம் 2 நொடியில் திறந்தது. இரண்டு மாதத்தில் 400-க்கும் மேற்பட்ட பிழைகளைத் திருத்தினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தளம் வேலை செய்தது. பதிவுக் காலம் முடிந்த 2014 வசந்த காலத்துக்குள், மத்திய அரசின் இந்தத் தளத்தின் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இந்த மீட்பைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக இரவு பகல் உழைப்பையும் கெட்டிக்காரப் பொறியாளர்களையும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அதே வாரங்களில் எடுக்கப்பட்ட இன்னொரு வகை முடிவுகளுக்கும் சம அளவு பாராட்டு சேர வேண்டும். ஸ்பானிய மொழித் தளத்தைத் திறப்பது தள்ளிவைக்கப்பட்டது. சிறு நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு இணையம் வழியே காப்பீடு எடுக்கும் வசதி, நவம்பர் இறுதியில் ஓராண்டுக்கு ஒத்திப்போடப்பட்டது. சட்டத்தில் வாக்களித்த வசதி அது. எதிர்க்கட்சியினரும் பத்திரிகைகளும் விடுவார்களா? கடுமையாகவே விமர்சித்தார்கள். சிறு முதலாளிகள் தரகர்களையும் முகவர்களையும் காப்பீட்டு நிறுவனங்களையும் நேரில் அணுக வேண்டியிருந்தது. இந்தப் பழியை அரசு நிர்வாகம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அந்த நாட்களில் தளத்தைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர்களுக்குத் தனிநபர் பதிவு என்ற ஒரே பாதையில் கவனம் வைக்க முடிந்தது அதனால்தான்.